அந்தியில் ஓடாத ஃப்ரிட்ஜ்

கிருஷாந்தியின் ஃப்ரிட்ஜை நான் மூன்று தடவை திருத்தினேன். மூன்று தடவையும் அதில் பழுது எதுவும் இருக்கவில்லை. இதை இப்போது ஒரே வரியில் எழுதிவிட முடிகிறது. அப்போது தெரியவில்லை.

எங்கள் தோட்டம் மஸ்கெலியாவிலிருந்து மேலே ஏறும் ரோட்டில் இருக்கிறது. அஞ்சாம் நம்பர் லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்து வீடு. நாலாவது எங்களுடையது. கிருஷாந்தி இருந்தது கடைசி வீட்டில். அவளும் நானும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. பிறகு கிஷாந்த் அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் லயத்துக்கே வந்து சேர்ந்தாள். கிஷாந்த் அண்ணனுக்குக் கொழும்பில் ஒரு ஹார்ட்வேர் கடையில் வேலை. மாதத்துக்கு ஒரு தடவை வருவார். மற்ற நாட்களில் வீட்டில் அவளும் மாமியார் காளியாயியும்தான். காளியாயி பெரியம்மா கொழுந்து பறிக்கப் போவார். மலைக்குப் போகும் தாய்மார் விட்டுப்போகும் குழந்தைகளைப் பிள்ளைக் காம்பராவில் வைத்துப் பார்த்துக்கொள்வது கிருஷாந்தியின் வேலை.

பதினாறு வயதிலேயே அவளுக்குச் சீனி வியாதி வந்துவிட்டது. காலையும் அந்தியும் இன்சுலின் ஊசி. அவளே குத்திக்கொள்வாள். கல்யாணமாகி முதலில் தங்கிய பிள்ளை மூன்றாம் மாதத்தில் கலைந்தது. இரண்டாவது தங்கியபோது கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள்: சீனி ஏறாமல் பார்த்துக்கொண்டால் பிள்ளை நிற்கும், ஏறினால் நிற்காது. மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். உடனே கிஷாந்த் அண்ணன் தலவாக்கலையில் ஒரு பழைய ஃப்ரிட்ஜைப் பார்த்து எடுத்து, லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். ஒற்றைக் கதவு, உள்ளே மேலே ஒரு சின்ன ஐஸ் பெட்டி. கர்ப்பமானவள் விறகு தூக்கக் கூடாது என்று, தண்ணீர் சுட வைக்கும் கரண்ட் ஹீட்டர் ஒன்றையும் அதே பயணத்தில் வாங்கி வந்திருந்தார்.

நான் ஹட்டனில் ஃப்ரிட்ஜ் திருத்தும் கோர்ஸ் படித்தவன். இரண்டு வருடக் கோர்ஸ். ஒன்றரை வருடத்தில் நின்றுவிட்டேன். பெரிய காரணம் எதுவும் இல்லை. ஒரு நாள் பஸ்ஸைத் தவறவிட்டேன், அடுத்த நாளும் தவறவிட்டேன், பிறகு போகவில்லை. அதன் பிறகு ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில், இரவு வேலைக்குச் சேர்ந்தேன். அந்தி ஐந்து மணிக்கு வீட்டை விட்டு இறங்குவேன். காலையில் ஏழு மணிக்கு மேல்தான் ஏறி வருவேன். வரும்போது லயமே பெரட்டில் பேர் கொடுத்து மலைக்குப் போய் வெறிச்சென்று கிடக்கும். போகும்போது அவர்கள் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்துகொண்டிருப்பார்கள். வழியில் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொள்வோம். அவ்வளவுதான் பழக்கம்.

மே மாதம் முதல் தடவையாக அவள் கூப்பிட்டு அனுப்பினாள். நான் தூங்கி எழும்பி ஒரு பத்தரை மணிக்குப் போனேன். அந்த நேரத்துக்கு அவள் ஏதாவது சாப்பிட வீட்டுக்கு வருவாள். நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் அவளுக்கு மயக்கம் வரும்.

"எஞ்சினியரு வந்தாச்சு," என்றாள். "மாமி இருந்தா ஆரத்தி எடுத்திருப்பாங்க."

"என்னா செய்யிது?"

"ஒன்னும் செய்யல. அதுக்குத்தானே கூப்பிட்டேன்."

கதவைத் திறந்தேன். உள்ளே விளக்கு எரிந்தது. பின்னால் கையை வைத்துப் பார்த்தேன். கம்ப்ரெசர் சூடாக, ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"ஓடுதே."

"இப்ப ஓடுது. நேத்து அந்திக்கி ஓடல. டிக்குன்னு ஒரு சத்தம், பெறகு உம்முன்னு உறுமும், பெறகு டக்குன்னு நின்னுரும். கொஞ்ச நேரங்கழிச்சி திரும்பவும் டிக்கு. எங்க அப்பா செத்துப்போறதுக்கு முந்தி இருமுன மாதிரி."

அந்தச் சத்தம் என்னவென்று எனக்குத் தெரியும். கம்ப்ரெசர் கிளம்பப் பார்க்கிறது, கிளம்ப முடியவில்லை, மோட்டார் சூடாகி எரிந்துவிடாமல் பாதுகாப்பு சுவிட்ச் கரண்டை வெட்டுகிறது. ஆறியதும் மறுபடியும் முயற்சிக்கிறது. பெரும்பாலும் கிளப்பிவிடும் ரிலேதான் போயிருக்கும். ஹட்டனிலிருந்து ஒரு ரிலே வாங்கி வந்து இரண்டு நாளில் மாற்றினேன். சுவரிலிருந்த பிளக்கில் மீட்டரை வைத்து அளந்தேன். இருநூற்று இருபத்தெட்டு வோல்ட். நல்ல கரண்ட். ஃப்ரிட்ஜை நிறுத்தி, பத்து நிமிடம் விட்டு மறுபடி போட்டேன். முதல் தடவையே கிளம்பியது.

"சரியாயிருச்சி," என்றேன்.

"ஒன்னக் கண்டா பயப்படுது போல," என்றாள்.

அந்த ரிலேயை அன்றைக்கே திறந்து பார்த்திருந்தால் அதில் குறை இல்லை என்று தெரிந்திருக்கும். திறக்கவில்லை. புதியதைப் போட்டேன், ஓடியது, ஆகவே பழையது கெட்டது. அப்படித்தான் நினைத்தேன்.

ஜூனில் மழை தொடங்கியது. இங்கே அந்த மழை விடியக் காலையில் தொடங்கினால் படுக்கும்வரை நிற்காது. விறகெல்லாம் ஊறிப்போய்விடும். மலையில் முழுநாளும் நனைந்து, அட்டை கடித்த காலோடு வரும் பெண்கள் சுடுதண்ணீர் இல்லாமல் குளிக்க முடியாது. அந்த வருடம் லயத்தில் பாதிப் பேர் ஹீட்டர் வாங்கியிருந்தார்கள். வாளிக்குள் அதைப் போட்டு பிளக்கைக் குத்திவிட்டால் கால் மணி நேரத்தில் தண்ணீர் கொதிக்கும். காலையிலும் நாலரை மணிக்கே எழும்பி, பெரட்டுக்குப் போகுமுன் அதே வேலை. இதெல்லாம் எனக்குத் தெரியாதது அல்ல. என் அம்மாவும் ஒன்று வைத்திருந்தார். ஆனால் அது வேலை செய்யும் நேரத்தில் நான் லயத்தில் இருந்ததில்லை.

இரண்டாம் தடவை போனபோது தரையில் சாக்கு விரித்திருந்தாள்.

"அந்தியானா ஐஸ் கரைஞ்சி தண்ணி வடியிது. மாமி வழுக்கி விழப்பாத்தாங்க."

பின்னால் கை வைத்தேன். ஓடிக்கொண்டிருந்தது.

"பாரு," என்றேன்.

"நீ வர்ற நேரத்துல ஓடுது வினோஜன். நான் என்னா பொய்யா சொல்றேன்?"

"அந்தியில எல்லாரும் வீட்டுல. கதவத் தொறந்து தொறந்து மூடுவீங்க. உள்ள இருக்குற குளிரெல்லாம் போயிரும். அதுக்கு லோட் கூடும்."

"இருக்குறது ரெண்டு மருந்துப் போத்தலும் ஒரு தண்ணிப் போத்தலும். அத யாரு தொறந்து தொறந்து பாக்குறது?"

அவள் சாக்கைக் காலால் தள்ளிக்கொண்டே, "ஆனா ஒன்னு, ஞாயித்துக்கெழமையில அந்திக்கும் நல்லாத்தான் ஓடுது. அதுக்கும் லீவு வேணும் போல," என்றாள்.

இருவரும் சிரித்தோம். ஞாயிற்றுக்கிழமையில் லயத்தில் ஆளாளுக்கு ஒரு நேரத்தில் குளிப்பார்கள். பலர் பகலிலேயே பீலிக்கரைக்குக் குளிக்கப் போய்விடுவார்கள். பழுதை அவள் என் கையில் எடுத்துத் தந்தாள். நான் சிரித்தேன்.

பாதுகாப்பு சுவிட்சை மாற்றினேன். மறுபடி மீட்டர் வைத்தேன். இருநூற்று இருபத்தாறு. எதுவும் ஓடாதபோது அளந்தால் மீட்டர் முழு வோல்ட்டைத்தான் காட்டும், பாரத்தை ஏற்றி அளக்க வேண்டும் என்பது கோர்ஸில் முதல் மாதத்துப் பாடம். அந்த மாதம் நான் ஒழுங்காகப் போயிருந்தேன்.

மூன்றாம் தடவை ஜூலைத் தொடக்கம். அவளுக்கு அப்போது ஆறாம் மாதம். வயிறு நன்றாகத் தெரிந்தது. அன்றைக்கு அவள் பகடி எதுவும் பேசவில்லை.

"நேத்தும் நின்னுருச்சி. மருந்து கெட்டுப்போயிருமோன்னு பயமா இருக்கு. இந்தப் பிள்ளையும் போச்சின்னா என்னால ஏலாது."

நான் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தேன். கம்ப்ரெசரின் மூன்று முனையையும் மீட்டரால் அளந்தேன். எல்லாம் சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருக்கும் சாமான் ஏன் நிற்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். கோர்ஸை இடையில் விட்டவன் வாயிலிருந்து அந்தச் சொல் லேசில் வராது.

"குளிர ஏழுல வச்சிருக்கேன். அதுதான் உச்சம்," என்றேன். "மருந்த மேல ஐஸ் பெட்டிக்குள்ள வை. துணியில சுத்தி வை. ஃப்ரிட்ஜ் நின்னாலும் ஐஸ் கரையிற வரைக்கும் உள்ள குளிரு இருக்கும்."

"ஐஸுக்குள்ள வைக்கலாமா?"

"குளிர்ல வைக்கத்தானே சொன்னாங்க. இது அதவிடக் குளிரு."

அவள் அப்படியே செய்தாள். என் முன்னாலேயே இரண்டு போத்தலையும் ஒரு பழைய கைக்குட்டையில் சுற்றி ஐஸ் பெட்டிக்குள் தள்ளினாள். நான் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

இரண்டு கிழமை கழித்து ரோட்டில் கண்டபோது, "மருந்துல மணல் மாதிரி என்னமோ போத்தல்ல ஒட்டுது," என்றாள்.

"போத்தல உள்ளங்கையில உருட்டிட்டுத்தானே குத்துற?"

"கரைய விட்டு, உருட்டித்தான் குத்துறேன்."

"அப்ப சரி."

எதைத் தெரிந்துகொண்டு சரி என்றேன் என்று எனக்கே தெரியாது.

அந்த மாதக் கிளினிக்கில் அவளுக்குச் சீனி முந்நூற்றுக்கு மேல் இருந்தது. அங்கேயே மறித்து ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். நாலு நாளில் இறங்கியது. மருந்தின் அளவைக் கூட்டி, புதிதாக இரண்டு போத்தலும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதையும் அவள் கைக்குட்டையில் சுற்றி ஐஸ் பெட்டிக்குள் வைத்தாள். ஒரு கிழமையில் மறுபடி ஏறியது. ஆஸ்பத்திரியில் இறங்குகிறது, வீட்டில் ஏறுகிறது. கணக்குச் சுலபம்: வீட்டில் களவாகத் தின்கிறாள். ஆஸ்பத்திரியில் அப்படித்தான் கேட்டார்கள். லயத்திலும் அப்படித்தான் பேசினார்கள். காளியாயி பெரியம்மா சீனி டப்பாவைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் ஒளித்து வைத்தார்.

"வாயக் கட்ட ஏலாதவளுக்கு எதுக்கு பிள்ள?" என்று அம்மாவிடம் சொன்னார். "பிள்ளக் காம்பராவுல குடுக்குற பிஸ்கட்டத் திங்கிறாளோ என்னமோ. நான் மலையில நிக்கிறேன், எனக்கு எப்படித் தெரியும்."

ஒரு நாள் அவள் எங்கள் வாசலைத் தாண்டிப் போனபோது நானும் பகடிக்குக் கேட்டேன்.

"என்னா, மாங்கா எல்லாம் களவாப் போகுதாமே?"

அவள் நின்றாள். முகம் வற்றிப்போயிருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. தண்ணீர்ப் போத்தல் ஒன்றைக் கையிலேயே வைத்திருந்தாள். எந்நேரமும் தாகம் என்பாள்.

"நீயுமா?" என்றாள். போய்விட்டாள்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நான் வேலை முடிந்து ஏறி வரும்போது, கிருஷாந்தியை ஏற்றிக்கொண்டு ஒரு ஆட்டோ இறங்கிப் போனது. இரவிலிருந்து பிள்ளை அசையவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். அசைவதற்கு உயிர் இல்லை. மறுநாள் பிரசவிக்க வைத்தார்கள். பெண் பிள்ளை. எல்லா விரலும் இருந்தது என்று பெரியம்மா பிறகு சொன்னார்.

வியாழக்கிழமை கிஷாந்த் அண்ணன் பிள்ளையை ஒரு அட்டைப் பெட்டியில் கொண்டுவந்தார். கிருஷாந்தியை இன்னும் விடவில்லை. தோட்டத்தில் பெரிய ஆள் செத்தால் பெரட்டில் சொல்வார்கள், வேலை நிற்கும், தப்பு அடிப்பார்கள், லயம் முழுதும் கூடும். உயிரில்லாமல் பிறந்த பிள்ளைக்கு அதெல்லாம் கிடையாது. வேலை நிற்கவில்லை. பெரியம்மாவைத் தவிர எல்லோரும் மலைக்குப் போயிருந்தார்கள். நானும் கிஷாந்த் அண்ணனும் மட்டும் மண்வெட்டியோடு கீழே புதைகுழிப் பக்கம் போனோம். மழையில் அட்டைப் பெட்டி நைந்துபோகும் என்று, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் படங்கைப் பெரியம்மா கழற்றிச் சுற்றிவிட்டிருந்தார்.

நான் வெட்டினேன். வெட்ட வெட்டக் குழிக்குள் தண்ணீர் ஊறியது. ஒரு வாளியால் இறைத்து இறைத்து வெட்டினேன்.

"போதும் வினோஜன்," என்றார் அண்ணன்.

"இன்னுங் கொஞ்சம் ஆழமா வெட்டணும் அண்ணே. நாய் இருக்கு."

அவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தேயிலைச் செடியருகே குந்தியிருந்தார். மூடி முடிய நாலு மணிக்கு மேலாகிவிட்டது. அன்றைக்கு நான் ஸ்டோருக்குப் போகவில்லை.

குழி வெட்டியவன் குளித்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குள் போகலாம். பெரியம்மா தண்ணீர் சுட வைத்திருந்தார். முதலில் அண்ணன் குளித்தார். நான் அவர்கள் வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தேன். ஐந்து மணி தாண்டியது. வாசலில் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். எங்களைப் பார்த்ததும் பேச்சைக் குறைத்துக்கொண்டு அவரவர் வீட்டுக்குள் போனார்கள். பெரியம்மா இரண்டாவது வாளியில் எனக்காக ஹீட்டரைப் போட்டார்.

உள்ளே டிக் என்றது.

நான் திரும்பினேன். உம் என்று ஒரு உறுமல். தலைக்கு மேலே எரிந்த பல்ப் மங்கி, அடுப்புத் தணல் நிறத்துக்கு இறங்கியது. எட்டு, ஒன்பது வினாடி இருக்கும். டக். உறுமல் நின்றது. பல்ப் கொஞ்சம் மேலே ஏறியது.

இதைத்தான் அவள் மே மாதத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். நான் முதல் தடவையாகக் கேட்டேன்.

அசையாமல் உட்கார்ந்திருந்தேன். நாலு நிமிடம் கழித்து மறுபடியும் டிக். மறுபடியும் பல்ப் சிவந்தது. நான் பல்ப்பைப் பார்த்தேன். பல்ப்பிலிருந்து போகும் வயரைப் பார்த்தேன். வாசலுக்கு வந்து கூரைக்குக் கீழே நிமிர்ந்து பார்த்தேன்.

லயத்தில் ஏழு வீட்டுக்குத்தான் சொந்தமாகக் கரண்ட். வீடுகள் தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால் மீட்டர் எடுக்க ஆபீஸிலிருந்து கடிதம் வேண்டும். கடைசி மூன்று வீட்டுக்கும் அந்தக் கடிதம் வருடக்கணக்காக வரவில்லை. அதனால் ஏழாம் வீட்டிலிருந்து ஒரு மெல்லிய வயரை இழுத்து, எட்டு, ஒன்பது, பத்து மூன்றுக்கும் கொடுத்திருந்தார்கள். ரேடியோவும் இரண்டு பல்ப்பும் போடும் காலத்தில் இழுத்தது. நான் சின்ன வயதிலிருந்து அதற்குக் கீழேதான் நடந்து திரிந்தேன். இப்போது மூன்று வீட்டிலும் மூன்று ஹீட்டர். அந்த நூல் போன்ற வயரில் எல்லாம் சேர்ந்து இழுக்கிறது. கடைசியில் இருக்கும் ஃப்ரிட்ஜுக்குக் கிளம்பும் அளவுக்குக் கரண்ட் மிஞ்சவில்லை. பத்தரை மணிக்கு லயத்தில் யாருமில்லை, ஹீட்டரும் இல்லை. அப்போது அது நன்றாக ஓடும்.

"பெரியம்மா, அந்த ஹீட்டர ஒரு நிமிசம் நிப்பாட்டுங்க."

"தண்ணி இன்னும் சுடலையே தம்பி."

"ஒரு நிமிசம்."

எட்டாம் வீட்டுக்கும் ஒன்பதாம் வீட்டுக்கும் போய் அவர்களையும் கழற்றச் சொன்னேன். அன்றைக்கு யாரும் ஏன் என்று கேட்கவில்லை. திரும்பி வந்து நின்றேன். டிக் என்றது. உறுமல் கூட இல்லை. கிளம்பி ஓடத் தொடங்கியது.

கிஷாந்த் அண்ணன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து பார்த்தார்.

"ஓடுது."

"ஓடுது அண்ணே. வயர்தான். அந்தியில கரண்ட் காணாது."

"இத்தன நாளும் இதானா?"

"இதான்."

அவர் துவாயை முகத்தில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. "சரி. இப்பவாவது தெரிஞ்சிச்சே," என்றார் துவாய்க்குள்ளிருந்து.

அப்போதும் என் தவறு வயரைப் பார்க்காததுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிருஷாந்தி ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாள். ஸ்டோரில் கழற்றிப் போட்டிருந்த தடித்த வயர் ஒரு சுருளை எலக்ட்ரீஷியனிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை பத்து மணிக்குப் போனேன். ஏழாம் வீட்டிலிருந்து தனியாக ஒரு இழுப்பு. பெரியம்மா வேலைக்குப் போகாமல் வீட்டில் நின்றார். கிஷாந்த் அண்ணன் ரோட்டுக் கடைக்கு இறங்கியிருந்தார். கிருஷாந்தி கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மார்பில் துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள். பால் ஊறியிருந்தது. அந்த வாசம் காம்பரா முழுதும் இருந்தது. நான் ஏணியில் ஏறி வேலையைத் தொடங்கினேன்.

அரை மணி நேரத்தில் மிட்வைஃப் பிரேமினி மிஸ் வந்தார். எங்கள் தோட்டத்துப் பிள்ளைத்தாய்ச்சிகளை எல்லாம் பார்ப்பவர். கிருஷாந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு மருந்து எங்கே என்று கேட்டு, தானே எழும்பிப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தார். கீழ்த்தட்டில் தேடினார். கதவில் தேடினார். கடைசியில் ஐஸ் பெட்டியைத் திறந்தார். கைக்குட்டை ஐஸோடு ஒட்டிப்போயிருந்தது. பிய்த்து எடுத்து விரித்துப் பார்த்தார். போத்தலுக்குள் மருந்து வெள்ளைக் கட்டியாக இருந்தது.

"எவ்வளவு நாளா இதுக்குள்ள வைக்கிறீங்க?"

"ஜூலையிலேருந்து," என்றாள் கிருஷாந்தி.

பிரேமினி மிஸ் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்சுலின் ஒருதரம் ஐஸாகிப்போனா அதோட சக்தி போயிரும். கரைஞ்சாலும் ஒழுங்கா வேல செய்யாது. ரெண்டு மாசமா நீங்க குத்துனது முக்காவாசி வெறுந்தண்ணி."

நான் ஏணியில் நின்றேன்.

"அப்ப இவ திங்கலையா?" என்று கேட்டார் பெரியம்மா.

"சாப்பாட்டுல ஒன்னும் இல்லம்மா. ஐஸுக்குள்ள வைக்கச் சொல்லி யாரு சொன்னா?"

கிருஷாந்தி என் பக்கம் திரும்பவில்லை.

"யாரும் சொல்லல மிஸ். நானாத்தான் வச்சேன்."

பெரியம்மா கட்டிலருகே போய் நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "படிச்சவதானே நீ," என்றார். "ஊருப் பிள்ளைகளையெல்லாம் பாக்குறவதானே. எனக்கு எழுத்துத் தெரியாது. நான் வச்சிருந்தாலும் ஒரு கத. ஒரு வார்த்த கேக்கக் கூடாதா யாருகிட்டயாவது?"

கேட்டாள். வைக்கலாமா என்று என்னிடம்தான் கேட்டாள். என் வாயில் ஒரு ஆணி இருந்தது. அதை எடுத்துவிட்டுச் சொல்ல இரண்டு வினாடி போதும். நான் எடுக்கவில்லை.

பிரேமினி மிஸ் புதுப் போத்தல் ஒன்றைப் பையிலிருந்து எடுத்தார். "நம்ம ஊருக் குளிருக்கு இது கூடத் தேவையில்லம்மா," என்றார் ஃப்ரிட்ஜைக் காட்டி. "ஒரு மண் முட்டியில தண்ணி ஊத்தி, அதுக்குள்ள சின்னச் சட்டிய வச்சி, மருந்த மூடி வச்சாலே ஒரு மாசத்துக்குப் போதும். வீட்டுல ஃப்ரிட்ஜ் இல்லாதவங்களுக்கெல்லாம் நாங்க அப்படித்தான் சொல்லிக் குடுக்குறோம். ஒங்க வீட்டுல இருக்குன்னு சொன்னதால சொல்லல."

பெரியம்மா அவரோடு ரோட்டு வரைக்கும் போனார். நான் ஏணியிலிருந்து இறங்கினேன்.

"ஏன் அப்படிச் சொன்ன?"

"எப்படி?"

"நீயா வச்சதா."

"நான்தானே வச்சேன். ஒன் கையா வச்சிச்சி?"

"பெரியம்மாகிட்ட நான் சொல்றேன்."

அவள் திரும்பிப் படுத்து என்னைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் என் கணக்கைப் பார்த்து எழுதிவிட்டு, விடை பிழை என்று தெரிந்ததும் பார்ப்பாளே, அப்படி.

"சொல்லி? என்னத் திட்டி முடிச்சாச்சி. திங்கிறேன்னு திட்டினாங்க, இனி இதுக்குக் கொஞ்ச நாளைக்கித் திட்டுவாங்க. எனக்குப் பழகிப்போச்சி. நீ சொன்னா புதுசா ஒராளப் புடிச்சித் தொடங்கணும். இவரும் சேருவாரு. ஒன் அம்மா வருவாங்க சண்டைக்கி." மார்பில் கட்டிய துணியை இழுத்துச் சரிசெய்தாள். "அவரு அன்னைக்கி ஆஸ்பத்திரிக்கி வந்து சொன்னாரு, வினோஜன் ஆழமா வெட்டினான், நாய் தோண்டாதுன்னு. அது அவருக்கு ஒரு ஆறுதல். அத எடுத்துறாத."

நான் கீழே கிடந்த வயரை எடுத்தேன்.

"மிச்ச வயரப் போடு. வந்த வேலையப் பாரு," என்று மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்று மணிக்குள் முடித்தேன். ஆனாலும் போகாமல் ஐந்து மணி வரைக்கும் நின்றேன். இந்தத் தடவை அந்தியில் பார்க்க வேண்டும். லயம் வந்து சேர்ந்தது. எட்டில் ஹீட்டர் போட்டார்கள், ஒன்பதில் போட்டார்கள், பெரியம்மாவும் போட்டார். ஃப்ரிட்ஜை நிறுத்தி, பத்து நிமிடம் பொறுத்து, போட்டேன். டிக். கிளம்பியது. பல்ப் அசையவில்லை. பாரத்தோடு அளந்தேன். இருநூற்றுப் பதினெட்டு.

உள்ளே பார்த்தேன். ஒரு தண்ணீர்ப் போத்தல், பாதித் தேங்காய். மருந்து மூலையில் மண் முட்டிக்குள் இருந்தது. கிருஷாந்தி எழும்பி உட்கார்ந்து, சட்டையைக் கொஞ்சம் தூக்கி, அந்தி ஊசியைக் குத்திக்கொண்டிருந்தாள். குத்தி முடிந்ததும் அந்த இடத்தை விரலால் அழுத்திக்கொண்டு அப்படியே இருந்தாள். வயிறு இன்னும் முழுதாக இறங்கவில்லை.

இஸ்தோப்பில் நான் சாமான்களைப் பைக்குள் போடும்போது பெரியம்மா ஒரு தட்டோடு வந்தார்.

"தின்னுட்டுப் போ தம்பி. ராத்திரியெல்லாம் கண்ணு முழிக்கிற பிள்ள." என் பக்கத்தில் குந்திக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நீயும் எத்தன தரம் வந்து பாத்த. இவ மட்டும் ஒன்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா."

இரண்டு ரொட்டியும் கட்டச் சம்பலும். நான் குனிந்து சாப்பிட்டேன். முழுவதையும் சாப்பிட்டேன். பசி இருந்தது. தட்டைக் கழுவி அவர் கையில் கொடுத்துவிட்டு ஸ்டோருக்கு இறங்கினேன். உள்ளே அது ஓடிக்கொண்டிருந்தது.